மடையை வெட்டியவர்கள்

பத்திரிகை ஆசிரியர் ஒருவர் என்னிடம் சரித்திரத் தொடர்கதை கேட்டார். "ராஜா, ராணி, குதிரை, சதி எல்லாம் தாராளமாக இருக்கட்டும். ஆனால் சோழர்கள் மட்டும் வேண்டாம், சார். அங்கே கூட்டம் தாங்கவில்லை" என்றார்.

"நாயக்கர் காலம் ஆகுமா?" என்று கேட்டேன்.

"யுத்தம் உண்டா?"

"உண்டு. அதுவும் எங்கள் ஜில்லாவில், காவேரிக் கரையிலேயே நடந்த யுத்தம்."

அவர் உடனே சம்மதித்தார். முன்பணமும் அனுப்பிவிட்டார். நானும் சங்கோசமில்லாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. கதையில் ஒரு வரி கூட நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கடிதம் நீண்டு இந்தக் கட்டுரையாகிவிட்டது.

எழுத ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. தொடர்கதைக்காரன் கேட்காமலே சரித்திரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறது. விஜயநகரச் சக்கரவர்த்தி வேங்கடபதி தேவராயர் 1614 அக்டோபரில் வேலூரில் காலமானார். பழைய விஜயநகரம் பாழாகி ஐம்பது வருஷம் ஆகியிருந்தாலும், சிதறிப் போன ராஜ்யத்தை ஒட்டவைத்து, கிழவயது வரையில் கட்டிக் காத்தவர் அவர். பல ராணிகள் இருந்தும் பிள்ளையில்லை. சாவதற்குச் சில நாள் முன்னால் சகோதரர் வழி வந்த ஸ்ரீரங்கன் என்பவனை அழைத்து, பிரதானிகள் பார்த்திருக்க, ராஜ முத்திரையை அவனிடம் ஒப்படைத்தார்.

அதோடு முடிந்திருந்தால் நமக்குக் கதையில்லை. ராணிகளில் ஒருத்தி தனக்கு ஒரு மகன் இருப்பதாகச் சொன்னாள். அந்தப் பிள்ளை அவள் பெற்றதே இல்லை, யாரோ ஒருத்தியின் குழந்தையை வாங்கி வளர்த்தாள் என்று அக்காலத்தில் பேச்சு. அவளுடைய பிறந்த வீட்டார் பெரிய மனிதர்கள். அவர்களில் கொப்பூரி ஜக்கராயன் என்பவன் பிரதானிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, பட்டத்துக்கு வந்த ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு சிறையில் அடைத்தான்.

ஸ்ரீரங்கன் பக்கம் மிஞ்சியவர் ஒருவர்தான். யாசம நாயக்கர் என்ற பாளையக்காரர். அவர் செய்த காரியத்தை எந்தத் தொடர்கதையின் முதல் அத்தியாயத்திலும் வைக்கலாம். சிறைக்குள் துணி எடுக்கப் போய் வந்த வண்ணான் ஒருவனைப் பிடித்தார். அழுக்கு மூட்டைக்குள் ஸ்ரீரங்கனின் இரண்டாவது பிள்ளையை ஒளித்து வெளியே கொண்டுவரச் செய்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ராமதேவன் என்று பெயர். விஷயம் தெரிந்ததும் ஜக்கராயன் சிறையில் இருந்த மற்ற எல்லோரையும் தீர்த்துக்கட்டினான். மூட்டையில் வந்த பிள்ளைதான் மிச்சம்.

இந்தச் சங்கதிகளை மனுவேல் பர்ராதாஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் 1616 டிசம்பரில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் விவரமாகச் சொல்லியிருக்கிறார். ராபர்ட் சூவெல் 1900-ல் வெளியிட்ட விஜயநகர சரித்திரத்தில் அந்தக் கடிதத்தின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதை நான் முதலில் படித்தது கும்பகோணத்தில், காலேஜில் இருந்த நாளில். காலேஜில் நான் இருந்தது இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் பாடப் புஸ்தகத்தைத் தவிர மற்றதையெல்லாம் படித்தேன்.

கடிதத்தில் அந்த வண்ணானின் பெயர் இல்லை. அன்றைக்கு அது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை.

பிறகு இரண்டு வருஷம் உள்நாட்டு யுத்தம். அப்பன் வழியில் பெரியதாக வந்த ராஜ்யத்தைச் சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். முதல் சண்டைகளில் தோற்ற ஜக்கராயன் தெற்கே வந்தான். மதுரை முத்துவீரப்ப நாயக்கர் அவனோடு சேர்ந்தார். செஞ்சிக் கிருஷ்ணப்ப நாயக்கரும் சேர்ந்தார். சக்கரவர்த்தி என்று ஒருவர் பலமாக இருந்தால் கப்பம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கட்ட வேண்டாம். இதைவிடப் பெரிய கொள்கை எதுவும் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் மட்டும் பையன் பக்கம் நின்றார். யாசம நாயக்கர் பையனை அழைத்துக்கொண்டு காவேரித் தேசத்துக்கு வந்தார்.

எதிர்ப்படைகள் திருச்சிராப்பள்ளி வெளியில் கூடியிருக்கின்றன என்றும், எல்லாமாகப் பத்து லட்சம் பேர் இருக்கும் என்றும் பர்ராதாஸ் எழுதுகிறார். பாதிரியார் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் நம் பக்கத்து வயல்கள் தாங்குகிற கூட்டமில்லை அது. 1616 முடிவிலோ 1617 தொடக்கத்திலோ தோப்பூர் என்ற இடத்தில் இரண்டு படைகளும் மோதின. கல்லணையை ஒட்டியிருக்கும் தோகூர்தான் அந்தத் தோப்பூர் என்று சரித்திரக்காரர்கள் அடையாளம் சொல்கிறார்கள். ஜக்கராயன் செத்தான். மதுரை நாயக்கர் ஓடினார். செஞ்சி நாயக்கர் கோட்டைகள் பலவற்றை இழந்தார். மூட்டையில் வந்த பையன் ராமதேவராயன் என்று சக்கரவர்த்தியானான். ரகுநாத நாயக்கர் காவேரிக் கரையில் ஜயஸ்தம்பம் நாட்டினார்.

இதில் என்ன குறை என்று ஆசிரியர் கேட்பார். குறை ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயம்தான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. ரகுநாத நாயக்கரின் சபையில் ராமபத்ராம்பா என்ற பெண் கவி இருந்தாள். கோவிந்த தீட்சிதர் குமாரர் யக்ஞநாராயண தீட்சிதர் இருந்தார். இருவரும் ராஜாவின் வெற்றியை வடமொழியில் காவியமாகப் பாடினார்கள். யுத்தத்துக்கு முன்னால் எதிரிகள் காவேரியின் குறுக்கே இருந்த அணையை உடைத்தார்கள் என்று தஞ்சைச் சபையில் வழங்கிய கதை சொல்கிறது.

அணையை உடைத்தார்கள். இந்த இரண்டு வார்த்தையைத் தாண்டி என்னால் எழுத முடியவில்லை. அதற்குக் காரணம் சரித்திரத்தில் இல்லை. எங்கள் வீட்டில் இருக்கிறது.

எங்கள் தாத்தா மூன்று வேலி நிலத்தை விட்டுவிட்டுப் போனார். பெரியப்பாவும் அப்பாவும் அதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். குடமுருட்டியிலிருந்து வரும் கிளை வாய்க்கால் முதலில் எங்கள் வயலைத் தொடும். கடைமடை பெரியப்பாவுடையது. மூன்று ராத்திரி எங்கள் முறை, மூன்று ராத்திரி அவர்கள் முறை என்று பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. பத்து வருஷம் எந்தத் தகராறும் இல்லை. மாட்டுப் பொங்கலன்று இரண்டு வீட்டு மாடுகளையும் ஒரே குளத்தில்தான் குளிப்பாட்டுவார்கள்.

பாட்டிக்கு மஞ்சள் காணியாக வந்த ஐந்து மா தனியாக இருந்தது. பாட்டி படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் பெரியப்பா பிள்ளையைக் கூப்பிட்டு, "அது உனக்குத்தாண்டா" என்று சொன்னாளாம். கேட்டவர்கள் பெரியப்பா வீட்டார். பாட்டிக்கு அப்போது நினைவே இல்லை என்றார் அப்பா. பார்த்தவர்கள் நாங்கள். பதினோராம் நாள் சாப்பாட்டுப் பந்தியிலேயே பேச்சு தடித்தது. மாதம் திரும்புவதற்குள் கோர்ட்டுக்குப் போயிற்று.

வேங்கடபதி ராயரின் மரணப் படுக்கையைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததற்கு இதுதான் காரணம். பெரிய ராஜ்யமாக இருந்தால் என்ன, ஐந்து மாவாக இருந்தால் என்ன? சாகிறவர் சொன்னது ஒன்று, சுற்றி நின்றவர்கள் கேட்டது வேறு.

எனக்கு அப்போது பத்து வயது. அந்த வருஷம் மேட்டூரில் தாமதமாகத்தான் திறந்தார்கள். ஆடி பிறக்கப் போகிறது, வாய்க்காலில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. வந்த தண்ணீருக்கு ஊரே வாய் பிளந்து காத்திருந்தது. எங்கள் முறை முடிந்து பெரியப்பா முறை தொடங்கிய முதல் ராத்திரி, அப்பா என்னை எழுப்பினார். "லாந்தரை எடுத்துக்கிட்டு வா" என்றார். மண்வெட்டியை அவர் எடுத்துக்கொண்டார்.

வாய்க்காலும் வடிகாலும் ஒட்டினாற்போல் போகும் ஓரிடம் உண்டு. நடுவில் ஒரு கரைதான். அங்கே போய் நின்றோம். "திரியைக் குறை" என்றார். குறைத்தேன். கால் மணி நேரத்துக்குமேல் ஆகவில்லை. மண் பிளந்து தண்ணீர் வடிகாலில் விழும் சத்தம் கேட்டது. முதலில் சின்னக் குழந்தை சிரிப்பதுபோல இருந்தது. பிறகு பலத்துவிட்டது. அந்தத் தண்ணீர் எங்கள் வயலுக்கும் பாயவில்லை. யாருக்கும் இல்லாமல் வடிகாலோடு போயிற்று. அப்பா அதைச் சிறிது நேரம் நின்று பார்த்தார். "போகலாம்" என்றார். வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினார் என்றுதான் நினைக்கிறேன். நானும் தூங்கினேன்.

பெரியப்பாவின் கடைமடையில் ஆறு மாவை ஒருவர் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். வழக்கில் அவருக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. பாட்டியின் ஐந்து மா எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். குறுவைக்கு அவர் விட்டிருந்த நாற்றங்கால் அந்த மூன்று ராத்திரித் தண்ணீரை நம்பி இருந்தது.

விடிந்ததும் எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் வந்து நின்றார். அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ராத்திரி வடிகால் பக்கம் கரை உடைஞ்சிருக்குங்க. நண்டு வளையா இருக்கும்போல."

"இருக்கும், இருக்கும். இந்த வருஷம் நண்டு ஜாஸ்தி" என்றார் அப்பா.

மண்வெட்டி வெட்டுக்கும் நண்டு வளைக்கும் வித்தியாசம் தெரியாதவர் யாரும் எங்கள் பக்கத்தில் கிடையாது. அவர் என் பக்கம் திரும்பினார். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் முழங்கால் வரையில் சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்தார்.

"காலைக் கழுவிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போங்க, தம்பி" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

நாற்றங்கால் காய்ந்தது. மறுபடியும் விதை வாங்கி விட்டார். நடவு பிந்தியது. பிந்திய பயிர் அறுப்புக்கு வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கதிர் தண்ணீரில் சாய்ந்து முளைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பெரியப்பா அவரைக் கூப்பிட்டனுப்பினார். "கரையை வெட்டியது யார் என்று கோர்ட்டில் வந்து சொல்லு. குத்தகையைப் பாதியாகக் குறைக்கிறேன்" என்றார். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. "நண்டு வளை என்று சொன்னாயே, அதையே எங்கே கேட்டாலும் சொல்லு. என் பக்கம் பத்து மா தருகிறேன்" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். இரண்டு வீட்டுத் திண்ணைகளும் அவருக்கு அந்த மாதத்தில் நன்றாகத் திறந்திருந்தன. இத்தனை வருஷமாக வாசலோடு நின்று பேசியவருக்குக் காப்பி கூடக் கொடுத்தார்கள்.

அவர் ஒரு பக்கமும் சொல்லவில்லை. தை மாதம் கடனை உடனை வாங்கிக் குத்தகை பாக்கியைப் பைசல் செய்தார். நிலத்தை விட்டுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார். பனியன் கம்பெனியில் வேலை என்றார்கள். போகிற அன்று பஸ் ஏறும்போது நான் கடைத்தெருவில் நின்றேன். அவரும் என்னைப் பார்த்தார். நான் கடைக்குள் போய்விட்டேன்.

வழக்கு பதினான்கு வருஷம் நடந்தது. கடைசியில் ராசியில் முடிந்தது. வக்கீல் கடனுக்காகப் பாட்டியின் ஐந்து மாவை விற்றார்கள். இப்போது அங்கே மனைக்கட்டுப் போட்டிருக்கிறது. பெரியப்பா போனார், அப்பாவும் போனார். பங்காளிச் சண்டையில் ஒரு வேடிக்கை உண்டு. கோர்ட்டு பிரித்தாலும் தீட்டு பிரிக்காது. அப்பா இறந்த செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தவர் பெரியப்பா பிள்ளைதான். பதினாறு நாளும் கூடவே இருந்து எல்லாக் காரியத்தையும் நடத்தினார். அன்றிலிருந்து நானும் அண்ணனும் ஒற்றுமையாக இருக்கிறோம். ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இன்னொருவர் பெயர் கொட்டை எழுத்தில் வருகிறது.

இந்த வருஷம் கல்லணையில் தண்ணீர் திறந்த நாலைந்து நாளில், தொடர்கதைக்காகத் தோகூரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். அண்ணன் கார் ஓட்டிக்கொண்டு கூட வந்தார். திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகப் போனோம். காவேரியில் புதுத் தண்ணீர் செங்காவியாக, சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு போயிற்று. பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி. இந்தத் தண்ணீருக்காக இரண்டு ராஜ்யங்கள் எத்தனையோ வருஷமாக வாதாடிக்கொண்டிருக்கின்றன. 1990-ல் நடுவர் மன்றம் வைத்து, 2007-ல் அது தீர்ப்புச் சொல்லி, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லி முடித்தபிறகும், ஆனி பிறந்தால் ஒவ்வொரு வருஷமும் பழைய கவலைதான்.

தோகூரில் ஒரு டீக்கடையில் இறங்கினோம். டீ ஆற்றுகிறவரிடம், "இங்கே பழைய காலத்துக் கல் கம்பம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"கம்பமா? கரண்டுக் கம்பங்களா?"

"இல்லை, ராஜா காலத்துக் கம்பம். நானூறு வருஷத்துக்கு முன்னாலே இங்கே பெரிய சண்டை நடந்தது."

அவர் யோசித்தார். "சண்டைன்னா, போன மாசம் மணல் லாரி விஷயமா ஒண்ணு நடந்துச்சுங்க. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியலையே" என்றார்.

அண்ணன் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சுற்றிப் பார்த்தோம். கம்பம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. வாழைத் தோப்பும் நாற்றங்காலுமாக ஊர் பச்சையாக இருந்தது. பீரங்கி, யானை, பத்து லட்சம் பேர் எல்லாவற்றையும் மண் தின்று ஜீரணித்துவிட்டது.

கல்லணைக்கு வந்து பாலத்தின்மேல் நின்றோம். கீழே மதகுகளில் தண்ணீர் இரைந்தது. காவேரிக்கு, வெண்ணாற்றுக்கு, 1934-ல் வெட்டி முடித்த புது ஆற்றுக்கு என்று இங்கிருந்துதான் பங்கு போகிறது. மிஞ்சினது கொள்ளிடத்துக்கு. பிரித்துக் கொடுப்பதற்காகவே ஒரு கட்டடம். இதைப் போன்ற ஓர் அணையில்தான் ஆத்திரக்காரர்கள் கை வைத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு யுத்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்புறம் என்ன ஆச்சு? அந்தப் பையன் நல்லா ஆண்டானா?"

நன்றாக ஆண்டான் என்று சொல்வதற்கில்லை. ஜக்கராயன் செத்த பிறகும் அவன் தம்பி எதிராஜன் சண்டையை விடவில்லை. கடைசியில் சமாதானம் எப்படி ஏற்பட்டது தெரியுமா? ராமதேவராயன் அந்த எதிராஜன் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். தன் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லோரையும் கொன்றவனுடைய தம்பி மகள்! கல்யாண விருந்தில் இரண்டு கட்சிக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். ராமதேவன் 1632-ல் இறந்தான். அவனுக்குப் பின் வந்தவர்களுக்கு நாயக்கர்கள் யாரும் அடங்கவில்லை. ஒருவரையொருவர் கவிழ்க்க வடக்கேயிருந்து பீஜப்பூரையும் கோல்கொண்டாவையும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. 1649-ல் செஞ்சிக் கோட்டை பீஜப்பூர் வசமாயிற்று. இதற்கிடையே 1620-ல் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். 1639-ல் சென்னைக் கடற்கரையில் இங்கிலீஷ்காரர்களுக்கு ஒரு துண்டு மணல் கிடைத்தது. 1673-ல் மதுரை நாயக்கர் படையெடுத்துத் தஞ்சாவூரைப் பிடித்தார். ரகுநாதரின் மகன் விஜயராகவ நாயக்கர் கிழவயதில் வாளெடுத்துச் செத்தார். சில வருஷங்களுக்குள் மராட்டிய ஏகோஜி வந்து உட்கார்ந்தார். தோப்பூரில் ஜெயித்தவர் வீடும் போயிற்று, தோற்றவர் வீடும் போயிற்று.

"எல்லாம் நம்ம அஞ்சு மா கதைதான்" என்றார் அண்ணன்.

கும்பகோணத்தில் ராமசுவாமி கோயில் என்று ஒன்று இருக்கிறது. ரகுநாத நாயக்கர் கட்டியது. கர்ப்பக்கிருகத்தில் ராமர் சீதையோடு பட்டாபிஷேகக் கோலத்தில் இருக்கிறார். பரதன் குடை பிடிக்கிறான். சத்ருக்னன் சாமரம் வீசுகிறான். லட்சுமணன் கூட நிற்கிறான். அனுமார் கையில் வீணை. காலேஜ் நாட்களில் சாயங்காலம் அங்கே போய் உட்காருவேன். வெளியில் அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொண்ட காலத்தில், கல்லிலாவது நாலு பேரையும் சேர்த்து நிறுத்திப் பார்க்க அந்த ராஜாவுக்கு ஆசை இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ராமர் பட்டாபிஷேகத்துக்குத் தண்ணீர் சுமந்தவர்கள் யார் என்று நானும் அங்கே தேடினதில்லை.

பாலத்தின்மேல் நின்றபடியே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "அண்ணே, அன்னிக்கு ராத்திரி கரையை வெட்டினது அப்பா. லாந்தர் பிடிச்சது நான்."

முப்பது வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்தது. அவர் முகம் மாறும் என்று நினைத்தேன். மாறவில்லை.

"தெரியும்டா" என்றார். "அடுத்த வருஷம் உங்க மதகுப் பலகையைக் காணோம்னு சித்தப்பா ஊரையே ரெண்டாக்கினாரே, ஞாபகம் இருக்கா? அதைத் தூக்கிக் குளத்திலே போட்டது நான்தான்."

இருவரும் சிரித்தோம். மனசு லேசாகிவிட்டது. அந்த லேசு ஒரு நிமிஷம்தான் இருந்தது. ராசி என்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! நீ வெட்டினாய், நான் பிடுங்கினேன், சரிக்குச் சரி. ராமதேவனும் எதிராஜனும் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அணை உடைந்த வருஷம் காவேரிக் கரையில் நாற்று விட்டிருந்தவன் ஒருவன் இருப்பானே, அவன் எங்கே போனான்? எந்தக் கட்சி என்று இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் அவனைக் கேட்டிருப்பார்கள். அவன் நண்டு வளை என்று சொல்லியிருப்பான். அவனுக்குத் திருப்பூர் கூடக் கிடையாது. காவியத்தில் ரகுநாதருக்கு நூற்றுக்கணக்கான சுலோகம் இருக்கிறது. மூட்டை சுமந்து வம்சத்தைக் காப்பாற்றிய வண்ணானுக்குப் பாதிரியார் ஒரு பெயர் கூடக் கேட்டு எழுதவில்லை. நான் எழுதப்போகும் தொடர்கதையிலும் குதிரையும் சுரங்கமும் வந்து, கடைசி அத்தியாயத்தில் கல்யாணமும் வந்து எல்லாம் சரியாகிவிடும். அதுதான் என் கையைப் பிடித்து நிறுத்தியது.

"நம்ம கடைமடையை அப்போ சாகுபடி பண்ணினாரே, அவர் பேர் என்னடா?" என்று அண்ணன் கேட்டார்.

சொன்னேன். எனக்கு மறக்கவில்லை. அண்ணன் அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர் போய்ச் சேர்ந்துட்டார்னு கேள்வி. பையன் திருப்பூர்லேதான் இருக்கான். தையல் யூனிட் வச்சிருக்கானாம். போய்ப் பார்ப்போமா?"

"போய் என்ன சொல்றது, அண்ணே? நிலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போறோமா?"

"அதெல்லாம் அவனுக்கு எதுக்கு? அவன்கிட்டே இருக்கிறது நம்மகிட்டே இல்லை." அண்ணன் காரை நோக்கி நடந்தார். கதவைத் திறந்துகொண்டே திரும்பிச் சொன்னார்: "நண்டு இல்லேன்னு சொல்லணும்."

ஆசிரியருக்கு முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்குப் போகிறோம்.